ஆட்டோ பே

எங்கள் வீட்டில் ஐந்து சந்தாக்கள் ஓடுகின்றன. படம் பார்க்க இரண்டு, பாட்டுக்கு ஒன்று, மகன் படிப்புக்கு ஒன்று, போட்டோக்களைச் சேமித்து வைக்க ஒன்று. எது எந்தத் தேதியில் பணம் எடுக்கும் என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் ஒரு ரூபாய் போனதில்லை. போன தை மாதம்வரை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிலத்தில் களை எடுக்க வருகிறவள் சாலவாக்கம் சாலையோரக் குடியிருப்பில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். புரட்டாசியில் பழைய போன் ஒன்று வாங்கி வந்தாள். வேலை முடிந்து வீடு போவதற்குள் சீரியல் முடிந்துவிடுகிறது, இதில் பார்க்க முடியுமா என்றாள். ஒரு செயலியில் முதல் மாதம் இலவசம் என்று போட்டிருந்தது. என் போனிலும் அவள் போனிலும் அடுத்தடுத்துச் சேர்த்தேன். அவள் தன் ரகசிய எண்ணை என் காதில் சொன்னாள். நான்தான் அழுத்தினேன்.

தையில் ஒரு நாள் வரப்பில் நின்று போனை நீட்டினாள்.

"யக்கா, மாசா மாசம் நூத்தி நாப்பத்தொம்போது ரூபா பூடுது. பொண்ணு படிச்சா, ஆட்டோ பேன்னு போட்டுகீதாம். எங்க தெரு ஆட்டோக்காரன் வேலதான். பஸ் வரலன்னு அவன் வண்டில ஏறி அட்டைய ஸ்கேன் பண்ணேன், அப்பிடியே ஒட்டிக்கினான். நாலு பேர் முன்னாடி நல்லா கேட்டுட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"இல்லவே இல்லன்றான். இனிமே வண்டில ஏறாதன்னான். நான் ஏன் ஏறப்போறேன்? நடந்துதான் வரேன்."

செய்தியைப் பார்த்தேன். அதே சீரியல் செயலி. நான்கு மாதம், ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய். அவளுக்கு இரண்டு நாள் கூலிக்கு மேல். அங்கேயே சந்தாவை நிறுத்திவிட்டு, "இனிமே போவாது" என்றேன்.

"அவன் கையிலேர்ந்து புடுங்கிட்டியா?"

"ம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினேன். ஐப்பசியில் இலவச மாதம் முடிகிற தேதியில், 'சீரியல் செயலி, இன்று நிறுத்த வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதி, நிறுத்தியதற்கு டிக்கும் போட்டிருந்தேன். அது என் போனுக்கு. அதன் கீழே இரண்டு வரிகள் காலியாக இருந்தன.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது அவள் தூக்குச்சட்டியுடன் வெயிலில் நடந்து போவதைப் பார்த்தேன். அவளைத் தாண்டி அவள் தெரு ஆட்டோ காலியாகப் போயிற்று. மதகு மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், "ஆட்டோப் பேய், ஆட்டோப் பேய்" என்று அதைப் பார்த்துக் கத்தினார்கள்.

மறுநாள் காலை அவள் தெருமுனைக்கே போய், அவளையும் ஆட்டோக்காரரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். அது ஆட்டோவுக்குப் பிடித்த காசு இல்லை, தானாகவே பணம் எடுப்பதற்கு அப்படி ஒரு பெயர், அதைச் சேர்த்துவிட்டு நிறுத்த மறந்தவள் நான் என்று.

ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்கினார். "ஒரு வாரமா பேய்னு கூப்புடறானுங்க. என் பொண்டாட்டியே வேப்பலய எடுத்துக்கினு வராம்மா."

பணத்தை அவள் கையில் வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"உன் போன்லயும் போட்டியேக்கா. உனுக்கும் போச்சா?"

"இல்ல."

"எப்பிடி?"

"தேதி எழுதி வச்சிருந்தேன்."

"என்னுத எழுதலியா?"

ஆட்டோக்காரர் பின் சீட்டில் கிடந்த சாக்கை முன்னால் எடுத்துப் போட்டார். "ஏறு, நேரம் ஆவுது."

"கைல காசுதான் குடுப்பேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏறினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் நிலம் வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.