தூள் இழுத்த நாற்றம்

கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, குரங்குக் குல்லாவைக் கழற்றாத எலக்ட்ரீஷியன் ஒருவர் அங்கே இருந்தார். கைப்பிடி சுற்றும் பழைய டெஸ்டரால்தான் மோட்டார்களைச் சோதிப்பார். ஒரு மழைக்காலத்தில் அதன் மரப்பெட்டி பூஞ்சை நாற்றம் அடித்தது.

"தூக்கி எறிஞ்சிருங்க. தேயிலை எந்த நாத்தத்தையும் இழுத்துக்கும்," என்றேன்.

"இழுக்கட்டுமுங்க," என்று முறைத்தவர், பெட்டியை வீட்டுக்கே தூக்கிப் போனார். பூஞ்சை பிடித்த உள்துணியைப் பிய்த்துவிட்டு, அடுப்பருகே காயவைத்து, கழிவுத் தேயிலைத்தூளைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

பத்தாம் நாள் பெட்டியை என் மேஜையில் வைத்துத் திறந்தார். அதில் நாற்றமே இல்லை. தூள் முடிச்சை என் மூக்கருகே நீட்டினார். பூஞ்சை நாற்றம் முழுக்க அதில் இருந்தது.

"ஏனுங்க, இதுல எதைய எறியறதுங்க?"

"தூளைத்தான்," என்று நான் சொல்லும்வரை அவர் கையை இறக்கவில்லை.