அந்த ஹாட் டிஸ்க் பழுதாகவில்லை

ஓர் அக்காவின் கணவர் உயிரோடு நடமாடிய ஒரே காணொளியை அழித்தவன் நான். ஹாட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று அவரிடம் சொன்னவனும் நான்தான். அது பொய்.

ஆரையம்பதியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கணினியில் டிஜிட்டல் டிவி பார்க்க எந்த இயங்குதளம் நல்லது என்று நீங்கள் கேட்டால், யோசிக்காமல் லினக்ஸ் என்பேன். பழைய கணினி, சின்ன டியூனர் பெட்டி, கூரையில் ஒரு டிஷ்... போதும், படம் திக்காது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

அந்த அக்கா ஓர் ஆசிரியை. பாலம் கடந்து கொக்கட்டிச்சோலையில் இருந்து கணினியைக் கொண்டுவந்தார். கணவர் தவறி ஒரு வருடமாகியிருந்தது. டிவிப் படம் விட்டுவிட்டு வருகிறது என்றார்.

"புதுசா ஒண்டும் வேணாம் தம்பி. இருக்கிற விண்டோஸையே திருத்தித் தாங்க."

"பயப்பிடாதீங்க அக்கா, இதவிட நல்லதாப் போட்டுத் தாறன்."

மறுத்துப் பேச அவருக்குக் கணினி தெரியாது. எனக்குத் தெரியும் அல்லவா... அந்தத் திமிர்.

புகைப்படங்களையும் பாடக் குறிப்புகளையும் கவனமாகப் பிரதி எடுத்தேன். டிவி மென்பொருளின் பதிவுக் கோப்புறையும் கண்ணில் பட்டது. ஆம், பட்டது! பழைய நாடகங்களாக இருக்கும் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? முழு டிஸ்கையும் அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன்.

மறுநாள் அவர் வந்தபோது படம் தெளிவாக ஓடியது. அக்கா சிரித்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, தேர்த் திருவிழா நேரலையப் பதிஞ்சி வச்சிருந்தன். அதுல அவர் வடம் புடிச்சிட்டு வாறார். அவர் நடமாடுற படம் வேற இல்ல. எங்க போய்ப் பாக்கிற?"

என் வாய் தானாகத் திறந்தது. "ஹாட் டிஸ்க்ல அந்தப் பகுதி முன்னமே பழுதாகிட்டு அக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்... தன் கைகளைப் பார்த்தார்.

"நான்தான் காரணம் தம்பி. கரண்ட் போகக்குள்ள ஒழுங்கா ஓவ் பண்ணாம விட்டிருக்கன். அவர் எத்தன தரம் சொன்னவர்."

இல்லை அக்கா என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் தலையாட்டினேன்.

அன்றே அந்த டிஸ்கை அவரிடம் கேட்டு வைத்து முயன்றிருந்தால், பதிவில் ஒரு துண்டையாவது மீட்டிருக்கக்கூடும். அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கணினியைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்... என்னை எப்படி மன்னிப்பீர்கள்?

மூன்று வருடமாகிறது. அவர் வீட்டில் டிவி ஒரு நாளும் திக்கவில்லை. என் தெரிவில் பிழையில்லை. ஆனால் கணினியை நிறுத்துமுன் ஒவ்வொரு நாளும் அவர் எனக்கு அழைக்கிறார். நேற்றும் அழைத்தார்.

"தம்பி, இப்ப ஓவ் பண்ணினா ஒண்டும் அழியாதே?"

"அழியாது அக்கா. பண்ணுங்க."