யட்டவத்தயிலிருந்து இரண்டு டிக்கெட்

இயன்மருத்துவம் (பிசியோதெரபி) இரண்டாம் ஆண்டு படிக்கும் என்னை மாத்தளைப் பக்கம் அனுப்பி வைத்தது ஓர் இடுப்பெலும்பு. மேசைக்கொரு எலும்பு வைத்துக் கேட்கும் உடற்கூற்றியல் ஸ்பொட் பரீட்சையில், ஏழாவது மேசையில் அது இருந்தது. ஆணா, பெண்ணா என்பதுதான் கேள்வி. ஆண் என்று எழுதி இரண்டு புள்ளியில் கோட்டை விட்டேன். மீள்பரீட்சை செவ்வாய்க்கிழமை. அதிலும் தவறினால் ஒரு வருடம் பின்தங்கி, ஜூனியர்களோடு உட்கார வேண்டும்.

எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடிந்து போகும் சீனியர், தன்னிடமுள்ள எலும்புப் பெட்டியை அடுத்தவருக்குக் கைமாற்றுவார். அதில் இருப்பது பிளாஸ்டிக் அல்ல, உண்மையாகவே ஒருவருடைய எலும்புகள். என் சீனியர் கிளமெண்ட் அண்ணா மட்டும் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வடக்கே வேலைக்குப் போய்விட்டார். போன் எடுத்தேன்.

"அம்மாகிட்ட இருக்கு, போய் எடுத்துக்க" என்றார்.

"அதுல என்ன இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"இப்ப தெரியும்."

சனிக்கிழமை காலை 10.30க்குக் கண்டியில் பஸ் ஏறினேன். மாத்தளைக்கு 26 கிலோமீட்டர், 110 ரூபா, ஒன்றேகால் மணித்தியாலம். அங்கே யட்டவத்த பஸ் ஒரு மணிக்குத்தான் புறப்பட்டது. இடையில் இரண்டு வடை சாப்பிட்டேன், இரண்டிலும் எண்ணெய் அதிகம். யட்டவத்தயில் இறங்கும்போது 1.45. அங்கிருந்து அண்ணாவின் வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 600 ரூபா.

யார் வீடு என்று கேட்ட டிரைவரிடம் ஞானம்மா வீடு என்றேன். அவர்தான் கிளமெண்ட் அண்ணாவின் அம்மா.

"பெட்டி இருக்கிற வீடா?" என்றார் அவர். "மூணு மணிக்கு முந்தி நான் திரும்பிடணும் தங்கச்சி. லயத்துக்குக் கீழ முடக்குல இறக்கி விடுறேன்."

ஏன் என்று கேட்டேன். பதிலுக்கு ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார். தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே, ரோடு வளையும் அந்த முடக்கில் இறங்கியபோது தேயிலை மலையை மூடிக்கொண்டு பனிமூட்டம் இறங்கி வந்தது. கொழுந்து எடுப்பவர்களின் பேச்சு கேட்டது, ஒருவரையும் காணவில்லை.

ஞானம்மா முப்பது வருடம் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்து ஓய்ந்தவர். கழுத்து ஒரு பக்கம் முழுசாகத் திரும்பாததால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினார். இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, சின்ன மேசையில் தகரப் பெட்டி. பாலில்லாத பிளேன்டீ இரண்டு கொண்டு வந்தார். ஒன்று எனக்கு. மற்றதைப் பெட்டிக்கு முன்னால் வைத்தார்.

"பேரு தெரியாத ஆன்மா புள்ள. நம்ம வீட்டுல இருக்கு, செபம் சொல்லாம இருக்க முடியுமா? மூணு வருஷமா மகனேன்னு கூப்பிட்டு தெனம் மூணு மணிக்கு சொல்றேன். சொல்லி முடிச்சா உள்ள ஒரு தட்டு கேக்கும்."

மூன்று மணிக்கு முழங்காலில் நின்றார். எனக்குச் செபம் தெரியாது, கைகட்டி நின்றேன். கடைசியில் "மகனே, நிம்மதியா இரு" என்றார். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம்.

தகரம் குளிர்ந்தால் சத்தம் வரும். அப்படித்தான் அவரிடம் சொன்னேன்.

"இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு புள்ள. கிளமெண்டுகிட்ட கேட்டேன், சிரிச்சுட்டான். நீங்க படிக்கிறவங்க. ஆம்பளையா, பொம்பளையா?"

அதே கேள்வி. ஆனால் இங்கே பிழை விட்டால் போவது இரண்டு புள்ளி அல்ல. பெட்டியைத் திறந்தேன். வேப்பிலையும் பழைய காகிதமும் மணத்தன. இடுப்பெலும்பை எடுத்து, பின்பக்க வளைவுக்குள் கட்டைவிரலை வைத்தேன். ஆணென்றால் விரல் இறுகும். இங்கே தாராளமாக அசைந்தது. மூன்று முறை பார்த்தேன்.

"பொம்பளைதான், அம்மா."

கழுத்தெலும்புகளைக் காட்டச் சொன்னார். விளிம்பெல்லாம் எலும்பு முளைத்துத் தேய்ந்திருந்தது. மேசை வேலை செய்பவர்களுக்கும் அப்படி வரலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அவர் காதில் விழவில்லை. அதை விரலால் தடவியபடி, மற்றக் கையால் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தலையில கயிறு மாட்டினவ" என்றார். "பொம்பளைப் புள்ளையப் போய் மகனேன்னு கூப்பிட்டிருக்கேனே."

பெட்டியை மூடிவிட்டு மறுபடி முழங்காலில் நின்றார். இந்த முறை "மகளே" என்று முடித்தார். காத்திருந்தோம். சத்தமே இல்லை. தட்டியபோது வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

"பரீட்ச முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க" என்றார் வாசலில். "மயானத்துல எடம் கேட்டு வைக்கிறேன். ரெண்டு பேரும் பாத்துப் போங்க."

யட்டவத்தயில் 4.20 பஸ் கிடைத்தது. பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்தேன்.

"சாமான் பின்னால போடுங்க தங்கச்சி" என்றார் கண்டக்டர். அங்கே உருளைக்கிழங்கு மூட்டைகள் கிடந்தன.

"மாத்தளைக்கு ரெண்டு தாங்க."

"மத்த ஆள் எங்க?"

"ஏறிட்டாங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு டிக்கெட் கிழித்தார்.

செவ்வாய்க்கிழமை இடுப்பெலும்பு நான்காவது மேசையில் வந்தது. கட்டைவிரலை வைத்தேன், எழுதினேன், பாஸ்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழை நாளில் காலில் ஏறும் அட்டைக்கு உப்பு வேண்டும். யட்டவத்த பஸ் ஞாயிற்றுக்கிழமை குறைவு, சனிக்கிழமையே நல்லது. ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வையுங்கள், திரும்பும்போது நான் நான்கு கிலோமீட்டரும் பெட்டியைச் சுமந்து நடந்தேன்.

பெட்டியைத் தரமாட்டேன் என்றதில் ஜூனியர்களுக்கு என் மேல் கோபம். பிளாஸ்டிக்கில் படிக்கட்டும். வரும் சனிக்கிழமை மறுபடி போகிறேன். போவதற்கு இரண்டு டிக்கெட், வருவதற்கு ஒன்று.