ஞானராஜ் போட்ட கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கிய சிறிது நேரத்தில் எஸ்தரிடமிருந்து போன் வந்தது. அவருடைய கணவர் ஞானராஜ், அனுப்பர்பாளையம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, அப்படியே இறந்துவிட்டாராம். மிஷினை நிறுத்தி எழுந்த எனக்கு எந்தப் பக்கம் நடப்பதென்றே தெரியவில்லை.

பழகியவர்களுக்கு அவர் ஓவர்லாக் டெய்லர், நாசரேத் பக்கத்துக்காரர், வருமான வரி கட்டாததற்காகச் சிறைக்குப் போனவர். அதில் என் பங்கு பலருக்குத் தெரியாது.

நாங்கள் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்த பனியன் கம்பெனியின் முதலாளி, இன்னொரு கம்பெனியை ஒரு தொழிலாளியின் பேரில் தொடங்க நினைத்தார். மேனேஜர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். பயந்துபோய், "ஞானராஜ் படிச்சவருங்க, அவரைக் கேளுங்க" என்று நழுவிவிட்டேன். பேருக்குத்தான் என்று சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருடம் அவர் பேரில் சரக்கு போனது. பிறகு வரி கட்டாமலே அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். வரித்துறை நோட்டீஸ்கள் அதன் பூட்டிய குடோனுக்கே போயிருக்கின்றன. ஒரு மதியம் அதிகாரிகள் வந்து, தைத்துக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். தான் வாரக்கூலிக்காரன் என்று காட்ட அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. கோவைச் சிறையில் வைத்தார்கள்.

பார்க்கப் போனேன். "உங்க பேரை நான்தானுங்க சொன்னேன்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. மேனேஜர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

ஏன் அதிகாரிகளிடம் என்னைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்களயும் சந்தேகப்படுவாவ. வெளிய சாட்சி சொல்ல ஒருத்தர் வேணும்லா? போயி, நான் டெய்லர்தான்னு சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலை போய்விடுமே என்று தள்ளிப்போட்டேன். கம்பெனி வாசலில் எஸ்தர் வந்து எனக்காகக் காத்து நின்ற பிறகுதான் வரி அலுவலகம் போய் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பின்னாலேயே இன்னும் நான்கு பேர் சாட்சி சொன்னார்கள். அவர் வெளியே வர மேலும் ஒரு மாதம் ஆனது. முதலாளியை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு வேறொரு கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் ஏதோ காகிதத்தில் கையெழுத்துக் கேட்டபோது, ஞானராஜ் மிஷினை விட்டு எழுந்துபோய் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். சூப்பர்வைசர் கத்தினார். "வாசிச்சு முடிச்சிட்டு வாரேன் சார்" என்றார், தலை நிமிராமல்.

என் சாட்சி எத்தனை நாள் தாமதம் என்று அவர் கடைசிவரை கேட்டதில்லை. அவரை அறிந்த உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு நாள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை அந்த நாட்கள்தான். பன்னிரண்டு நாளும் நான் வேலைக்குப் போனேன், அவர் உள்ளே இருந்தார்.