எண்ணைக் கேட்காத ஒரு நாள்

1999 மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். அதற்குள் தவறு நடந்து முடிந்திருந்தது.

அவர் கணினி அறையின் பொறுப்பாளர், எல்லோருக்கும் நம்பரக்கா. ஓடத் தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி ஓர் எண் கொடுக்கும். எந்த நிரல் சிக்கி நின்றாலும் அவர் முதலில் அந்த எண்ணைத் தேடித் துண்டுத்தாளில் குறிப்பார். உரியவரைத் தொலைபேசியில் கேட்டபிறகே அதை நிறுத்தும் ‘கில்’ கட்டளையைக் கொடுப்பார். அதுவும் முதலில் சாதாரணமாக. அரை நிமிடம் பார்த்து, அடங்காவிட்டால்தான் கட்டாய நிறுத்தம். வீட்டில் மாமியார் தூங்கிவிட்டாலும், அவரை எழுப்பிக் கேட்டபிறகே தொலைக்காட்சியை அணைப்பார் என்று அவருடைய கணவரே சொல்லிச் சிரிப்பார்.

அகராதிப் பிரிவில் நாங்கள் நால்வரும் ஒரே பயனர் பெயரில்தான் வேலை செய்தோம். மேற்கோள்களைத் தொகுக்கும் நிரலும் அனைவருக்கும் ஒன்றே. என்னுடையது சிக்கியது. நான் எண்ணைத் தேடாமல், நிரலின் பெயரைச் சொல்லி நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். தலைமைப் பதிப்பாசிரியர் எட்டு நாளாக ஓடவிட்டிருந்ததும் அதோடு நின்றது. வெள்ளிக்கிழமை அந்தத் தொகுப்பு அச்சகம் போகவேண்டும். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கணினி அறைக்குத் தொலைபேசினேன். நம்பரக்காவே மேலே வந்தார்.

“எண் என்ன?”

“பார்க்கலக்கா. பேரைச் சொல்லி நிறுத்திட்டேன்.”

“நடுத்தெருவில நின்னு ‘ஏ தம்பி’ன்னு கூப்பிட்ட மாதிரியா? எத்தனை பேரு திரும்பிப் பார்த்தாங்க?”

“ரெண்டு பேரு. இன்னொண்ணு பெரியவரோடது.”

அவர் பதில் சொல்லுமுன் தலைமைப் பதிப்பாசிரியர் உள்ளே வந்தார். “என் வேலையில யாரும்மா கை வச்சது?”

“நான்தான் சார். மெஷின் திணறிச்சு, நிறுத்திட்டேன்” என்றார் நம்பரக்கா.

“கேட்காம நிறுத்தமாட்டீங்கன்னு ஆபீஸே சொல்லுதே.”

“இன்னைக்குக் கேட்கல.”

நம்பரக்கா அந்த வேலையை எழுத்துவாரியாகப் பிரித்து நான்கு இயந்திரங்களில் ஓடவிட்டார். வெள்ளி நண்பகலில் தொகுப்பு அச்சகம் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அவருடைய பணிக்கோப்பில் கண்டனக் குறிப்பு ஏறியது. அவ்வாண்டு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. எனக்கு ஏப்ரலில் வேலை நிரந்தரமாயிற்று. பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நம்பரக்காவிடம் போனேன்.

“ரெண்டு பேரு திட்டு வாங்கினா நின்னது ஓடிடுமா? போய் வேலையைப் பாருங்க.”

பதினோரு ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் எங்கள் பிரிவில் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்தார். தேர்வுக் குழுவில் நான் இருந்தேன். அந்த வாரம் நம்பரக்காவை மூன்று முறை மாடிப்படியில் சந்தித்தேன். கணினி அறையின் குளிரூட்டி ஒழுகுவதைப் பற்றி மட்டுமே பேசினார். இடம் வேறொருவருக்குப் போயிற்று.