கடைசி வரிசையில் மேபல் அக்கா

“ஆமாம்” என்ற ஒரு சொல்லை அன்று நான் சொல்லவில்லை.

மேபல் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி நான் பள்ளி நூலகத்தில் இருந்தபோது வந்தது. அதே பள்ளியில் அவர் தமிழாசிரியை; நான் நூலகம் பார்ப்பவள். பூண்டி பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் சபைப் போதகர் எனக்கு முன்பே அக்காவின் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“ஆஸ்பத்திரியில நேத்து ராத்திரி வரைக்கும் நீதானம்மா கூட இருந்த? மனந்திரும்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாங்கல்ல? நீ ஆமான்னு சொல்லு, கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணிரலாம். சபைக் கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

அந்தத் தோட்டத்தில் அக்காவின் அம்மா இருக்கிறார். பக்கத்து இடம் காலி. அங்கேதான் படுக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அது எனக்கும் தெரியும், போதகருக்கும் தெரியும்.

அக்காவை அறிந்த சபையார் உங்களுக்கு அவர் கதையும் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்லப் பழகியிருக்கிறீர்கள் என்பதுதான் என் கோபம். அவர் கணவர் வேறொரு பெண்ணோடு ஒட்டன்சத்திரத்துக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார். வரும்போதெல்லாம் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று தலைகுனிந்தார். சபை சேர்த்துக்கொண்டது. அன்றைக்கெல்லாம் பைபிளில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் கதைதான் பிரசங்கம். விட்டுப்போன மனைவியை அந்தத் தீர்க்கதரிசி திரும்ப அழைத்துக்கொண்டதுபோல, வழிதவறிய ஜனத்தைக் கடவுள் பொறுத்துக்கொண்டார். நீயும் பொறுத்துக்கொள் மகளே என்று அக்காவுக்கு உபதேசம். அடிவாங்கிய கன்னத்தோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

ஒருநாள் அக்கா வீட்டை விட்டு வந்தார். பிறகு பூண்டியில் பூண்டு போடும் முருகேசன் அண்ணனோடு வாழத் தொடங்கினார். உடனே சபை திருவிருந்திலிருந்து அவரை விலக்கியது. அவர் மட்டும் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. வெள்ளனே பஸ் ஏறி மலைப்பாதையில் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னே போகும்போது அவர் மட்டும் அசையாமல் இருப்பார்.

“எல்லார் முன்னாடியும் ஒருதடவ எழுந்திரிச்சு நின்னுட்டாத்தான் என்னக்கா?” என்று கேட்டேன்.

“திரும்பி வந்தேன்னு சொல்லணும்னா எங்கயாச்சும் போயிருக்கணும்லடி? வாராவாரம் இங்கனதான உக்காந்திருக்கேன்!” சிரித்துவிட்டுச் சொன்னார்: “தீர்க்கதரிசிகள்லாம் யாரப் பாத்துச் சத்தம் போட்டாங்க? வெளிய நின்னவங்களையா? பலி போட்டு, பாட்டுப் பாடி, உள்ள சௌரியமா இருந்தவங்களத்தான். நம்ம ஆளுங்க அந்தப் பக்கத்த மட்டும் வெரசாத் திருப்பிருவாங்க.”

இன்னொரு நாள் நான் கொதித்துப்போய், இனி இந்தச் சபைக்கே வரமாட்டேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “கடவுள் பொறுமையா இருக்காருன்னா அவருக்குக் கோபமே வரலேன்னு அர்த்தமாடி? அம்புட்டுக் கோபத்துலயும் எந்திரிச்சுப் போகாம இருக்காரே, அதுதான் பொறுமை.”

அன்று அந்த வீட்டில் நான் ‘ஆமா’ சொல்லாததால், போதகர் முருகேசன் அண்ணனிடம் திரும்பினார். “நீங்களாவது சொல்லலாமே. அவங்க ஆசைக்காகத்தான் கேக்குறேன்.”

“அவ சொல்லாததச் சொன்னான்னு சொல்லி அவள மண்ணுக்குள்ள வைக்கமாட்டேன் சாமி. பூண்டு வெட்டுன காடு சும்மாதான் கெடக்கு. அங்கன வச்சுக்கிறேன்.”

அப்படியே செய்தோம். பூண்டு வாசம் போகாத மண். ஜெபம் செய்யப் போதகர் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். முருகேசன் அண்ணன் சூடம் ஏற்றினார். அவ்வளவுதான்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கடைசி வரிசையை. ஞாயிறுதோறும் போகிறேன். எல்லோரும் முன்னே போகும்போது எழுவதில்லை. என் கோபம் ஆறவில்லை. எழுந்து வெளியே போகவும் இல்லை.

அடக்கம் முடிந்த மாதத்திலேயே, தோட்டத்தில் அக்காவின் அம்மாவுக்குப் பக்கத்து இடத்தைத் தனக்கு ஒதுக்கும்படி அக்காவின் கணவர் கேட்டார். கமிட்டி கொடுத்துவிட்டது.