முதல் நம்பர்க்காரரின் மனைவி

சுப்ரெய்ரா ஊரின் கால்பந்துச் சங்கத்தில் உறுப்பினர்களுக்குச் சேர்ந்த வரிசைப்படி நம்பர் உண்டு. முன்னால் இருப்பவர் இறந்தால்தான் பின்னால் இருப்பவர் ஒரு படி ஏறலாம். காசு கொடுத்தும் ஏற முடியாது, கோல் போட்டும் ஏற முடியாது. முதல் நம்பருக்கு வந்தவர் சங்கத்தின் பிறந்தநாளன்று கொடியேற்றுவார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது. மேயரை யார் சட்டை செய்தார்கள்?

ஒடீலியாவின் கணவர் எர்குலானு இரண்டாம் நம்பர். வாரமெல்லாம் பாட்டில் தக்கை செய்யும் தொழிற்சாலை, ஞாயிற்றுக்கிழமை வலது பக்கத் தடுப்பாட்டம். ஒருமுறை லிஸ்பனிலிருந்து பெரிய அணியொன்று கோப்பைப் போட்டிக்கு வந்து ஒன்பது கோல் போட்டுவிட்டுப் போனது. அதையும் ஊர் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்ளும், பெரிய இடத்து அடியல்லவா! கோல்கீப்பராக நின்று ஒன்பதையும் விட்டவர் அமாதேயு, மூன்றாம் நம்பர். எல்லாப் பந்தும் எர்குலானுவின் பக்கமாகத்தான் வந்தது என்று அவர் விடாமல் சாதித்துவந்தார்.

ஒடீலியா அணியின் சேற்றுச் சட்டைகளைத் துவைத்தாள், கணவரின் முட்டிக்குத் தைலம் தேய்த்தாள், சங்கத்து பாரில் பன்றிக்கறி வறுத்தாள். உறுப்பினராகச் சேரவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். இளவட்டங்கள் பிரான்சுக்குப் போனார்கள், பெரியவர்கள் அணி கலைந்தது. பாரும் ஒரு குழந்தைகள் அணியும் இந்த நம்பர்களும்தான் மிச்சம்.

போன குளிர்காலத்தில் எர்குலானு இறந்தார். சவப்பெட்டிமேல் சங்கத்தின் பச்சைக்கொடியைப் போர்த்தினார்கள். ஒரு முனையை அமாதேயுவே பிடித்துக்கொண்டார். ஒடீலியா அழவில்லை. உட்கார்ந்தபடியே மரத்துப்போன காலைப் போல அவள் முழுக்க மரத்துப்போயிருந்தாள். வருத்தம்கூட இல்லை. யார் பேசினாலும் அடுத்த வீட்டில் பேசுவதுபோல் இருந்தது.

அடுத்த மாதம் சந்தா வசூலிக்கும் நார்சீசு வழக்கம்போல மணியடித்தார். அவளும் வழக்கம்போல கணவரின் சந்தாவை எடுத்து நீட்டினாள். "அக்கா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஊருக்கே தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரக்கம் என்று நினைத்தார்கள். எனக்கென்னவோ கோழைத்தனம் என்றுதான் படுகிறது.

கோடையில் முதல் நம்பர்க்காரரான ரொட்டிக்கடைக் கிழவர் இறந்தார். சந்தா தவறாமல் வந்துகொண்டிருந்ததால், சங்கச் சட்டப்படி, செத்துப்போன எர்குலானு முதல் நம்பர் ஆனார். வீட்டார் பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னால்தான் பெயரை எடுக்க முடியும். சங்கத்தின் பிறந்தநாள் நெருங்கியது. நிர்வாகிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அமாதேயு கைத்தடியை ஊன்றி மூச்சு வாங்கியபடி ஒடீலியா வீட்டுக்கு வந்தார்.

"உக்காருங்க அண்ணே. காப்பி போடட்டுமா?"

"காப்பி கெடக்கட்டும். டாக்டர் என் கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கறாரு, ஒடீலியா. ஒரு தடவ அந்தக் கொடிக்கயித்த இழுத்துட்டுப் போயிடறேன்."

"இழுங்களேன். நானா உங்க கையப் புடிச்சேன்?"

"நீ புடிக்கல, உன் வீட்டுக்காரன் புடிச்சிருக்கான். உயிரோட இருந்தப்ப பந்த விட்டான், செத்தப்புறம் நம்பர விட மாட்டேங்கறான்!"

"பந்த விட்டது நீங்க" என்றாள் ஒடீலியா, சிரிக்காமல்.

அமாதேயு கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "சரி, நான்தான் விட்டேன். வாழ்க்கையில இன்னிக்குத்தான் ஒத்துக்கறேன். போதுமா? கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்த சொல்லும்மா."

போனாள். பாரிலேயே கூட்டம். உறுப்பினர் அல்லாதவள் பேசலாமா என்று கைதூக்கச் சொன்னார் தலைவர், எல்லோரும் தூக்கினார்கள். ஒடீலியா எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் செத்துட்டாரு" என்றாள், சந்தையில் விலை சொல்வதுபோல.

சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். ஆனாலும் இப்போதுதான் சேதி வந்ததுபோலத் தொப்பியைக் கழற்றினார்கள். ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக அமாதேயு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, ஒடீலியா."

கல்லறைத் தோட்டத்திலும் இதையேதான் சொல்லியிருந்தார். இன்றுதான் அது அவள் காதில் விழுந்தது. பிடித்த கையை விடாமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, அப்போ இனிமே அவரு வரவே மாட்டாரா?"

"வர மாட்டான்மா" என்றார் முதல் நம்பர்க்காரர்.